கடைசி ஆளுக்குப் பின்னால்

கிளையில் கட்டியிருந்த ரிப்பனை அவிழ்க்க ஆர்மெல் நின்றாள். அவளுக்குப் பின்னால் வந்த காலடி, அவள் நின்ற பிறகும் இன்னும் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டு நின்றது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. நனைந்து கிடந்த செஸ்ட்நட் இலைகளின் மேல் ஒரு காலணி அழுந்தியது, அடியில் கிடந்த முள்தோல் நொறுங்கியது, அவ்வளவுதான். காட்டுப்பன்றியாக இருக்கும், நவம்பர் வந்தால் கொட்டைக்காக மலையையே கிளறிப் போடும் சனியன்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் பன்றி, ஆள் நின்றால் தானும் நிற்காது. திரும்பிப் பார்த்தாள். இடிந்துபோன கல்வரப்புகள், ஆளில்லாத ஒரு வீடு, அதன் பக்கத்தில் அந்த வீட்டுக்காரர்களின் இரண்டு கல்லறைகள், அதற்கப்பால் பனி. வேறு எதுவும் இல்லை.

மோன்தாரெல் மலை ஓட்டத்தில் கடைசியாக வருகிறவருக்குப் பின்னால் நடந்து வருவதுதான் ஆர்மெல்லின் வேலை. காலையில் முந்நூறு பேர் கிளம்பிய முப்பத்திரண்டு கிலோமீட்டர் பாதை நெடுக, பார்வைக்குத் தப்பாத தூரத்தில் ஒவ்வொரு ஆரஞ்சு ரிப்பனாகக் கட்டியிருப்பார்கள். கடைசி ஆள் தாண்டிப்போனதும் அதை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டும். ஊரில் இந்த வேலைக்குத் துடைப்பம் என்று பெயர். துடைப்பத்துக்குப் பின்னால் ரிப்பனும் இருக்காது, ஆளும் இருக்கக் கூடாது. சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிகிற சட்டம் அது.

"என்ன நின்னுட்டே? முடிச்சு அவிழலையா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

இருபது அடி முன்னால் இரண்டு ஊன்றுகோல்களையும் நட்டுவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள் நோயெமி. ஐம்பத்தெட்டு வயது. ஆணுக்குத் தைத்த சாம்பல் நிற மழைச்சட்டை, கை மடித்து விட்டும் விரல் வரை தொங்கியது. இன்றைய ஓட்டத்தில் அவள்தான் கடைசி ஆள்.

"ஒண்ணுமில்ல, வந்துட்டேன். நீங்க நடங்க" என்றாள் ஆர்மெல்.

"திரும்பவும் நீங்களா? மலைமேல யாருடி நீங்க வாங்க சொல்றா? கால்ல சேறு பட்டா எல்லாரும் ஒண்ணுதான்னு மார்சலன் சொல்வாரு."

மலைப்பாதையில் அப்படித்தான். மேயர் வந்தாலும் நீ, தபால்காரர் வந்தாலும் நீ. இருபது வருஷமாக ஆர்மெல்லும் அந்த வழக்கத்தில்தான் ஊறியவள். நோயெமியிடம் மட்டும் அந்த ஒற்றை எழுத்து அவள் வாயில் வரமாட்டேன் என்றது.

நோயெமியின் புருஷன் மார்சலன்தான் போன வருஷத்துக் கடைசி ஆள்.

அவனைப் பற்றி இந்த வருஷம் யாரும் வெளிப்படையாகப் பேசவில்லை. காலையில் சந்தைக் கொட்டகையில் ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்கள், பிறகு ஓட்டத்தை நடத்தும் ரொட்டிக்கடை கஸ்தோன் தொண்டையைச் செருமிக்கொண்டு துப்பாக்கியைச் சுட்டான், முந்நூறு பேரும் தேவாலயச் சந்து வழியாகக் கத்திக்கொண்டு ஓடினார்கள். ஆர்மெல் இந்த வருஷம் வேலை வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தாள். முழங்கால் வலி என்றாள். கஸ்தோன் விடவில்லை. "நோயெமி உன்னைத்தாம்மா கேக்கறா. அன்னிக்குப் பாதையில அவர்கூட வந்தவ நீதானாம், அந்தப் பாதையில நீ கூட இருந்தா தைரியமாம். முடியாதுன்னு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவகிட்ட சொல்றது?" என்றான். அதற்கு மேல் மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயத்திலேயே ஒரு வருஷம் ஓட்டியவள் அவள்.

ஏறினார்கள். லா பாரெத் என்ற குக்கிராமத்தில் கடைசி சூப் நிலையம் தாண்டி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மணி நாலேகால். மரங்களின் மேல்பாதியைப் பனி தின்றுவிட்டது, அடிமரங்கள் மட்டும் கறுப்பாக நின்றன. இலை மக்கிய வாடை, தூரத்தில் யாரோ ஈர விறகு எரிக்கும் புகை, நோயெமியின் ஊன்றுகோல் நுனி கல்லில் படும் டக், டக். அந்த டக் டக்குக்கு இடையில், ஆர்மெல்லின் காலடிக்கு ஒட்டாமல், இன்னொரு காலடி.

அந்த நடையில் ஒரு கணக்கு இருந்தது. வலது கால் சரியாகப் பதிந்தது. இடது கால் கொஞ்சம் இழுபட்டு, இலைகளைக் கூட்டிக்கொண்டு வந்து பதிந்தது.

இடது முழங்காலில் பட்டை கட்டியிருந்தான் மார்சலன். போன வருஷம் காலையில் அவன் நெஞ்சில் எண் சீட்டைக் குத்தும்போது அதைப் பார்த்துவிட்டு, "இந்தக் காலோட முப்பத்திரண்டா?" என்று ஆர்மெல்தான் கேட்டாள். கற்பூரத் தைல வாடை அடித்தது அவன்மேல். சிரித்தான். "எனக்குப் பின்னாடி வர்றது நீதானே? அப்புறம் எனக்கென்ன பயம்?" என்றான்.

நடந்தது இதுதான். போன வருஷம் லா பாரெத்தில் அவன் சூப்புக் கிண்ணத்தோடு பெஞ்சில் உட்கார்ந்தான். அரை மணி ஆகியும் எழுந்திருக்கவில்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தது, ஆர்மெல்லுக்குக் காலுறை வரை நனைந்து விரல்கள் மரத்துவிட்டன. இவன் எழுந்திருக்க மாட்டான், இங்கேயே ஓட்டத்தை விட்டுவிடுவான் என்று நிலையத்தில் இருந்தவர்களும் சொன்னார்கள். அவள் அவனிடம் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரொட்டி வண்டி மோன்தாரெலுக்குத் திரும்பியது, அதில் ஏறிக்கொண்டாள். ஊரிலிருந்து பாதையைத் தலைகீழாக ஏறி, முடிவிலிருந்து, பாதை இரண்டாகப் பிரிகிற பிரிவுக் கல் வரைக்கும், அதைத் தாண்டி லா பாரெத் பக்கமும் இரண்டு கிலோமீட்டருக்கு, எல்லா ரிப்பனையும் அவிழ்த்தாள். பின்னாலிருந்து அவிழ்க்க வேண்டியதை முன்னாலிருந்து அவிழ்த்தாள். ஒரு வெந்நீர்க் குளியலுக்காக.

அவள் தொட்டியில் கால் நீட்டிப் படுத்திருந்தபோது, மார்சலன் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, நன்றி சொல்லி, ஏறத் தொடங்கியிருந்தான். பாதி வழியில் ரிப்பன்கள் நின்றுபோயின. பிரிவுக் கல்லில் வலப்பக்கம் போனால் ஊர். இடப்பக்கம் போனால் பழைய கல் குவாரி, அதற்குப் பிறகு ஓநாய்ப் பள்ளம். மூன்றாம் நாள்தான் உடலைக் கண்டெடுத்தார்கள்.

போலீஸ் கேட்டபோது, பாதையில் எல்லா ரிப்பனும் இருந்தது, அவனைத் தேடிக்கொண்டு போனபோதுதான் தான் அவிழ்த்ததாகச் சொன்னாள். குரல்கூட நடுங்கவில்லை. அடையாளம் கட்டிய பாதையை விட்டு அவனாகவே விலகிப் போயிருக்கிறான் என்று எழுதி மூடிவிட்டார்கள்.

"ஆர்மெல்" என்றாள் நோயெமி, திரும்பாமல். "அன்னிக்குக் காலையில நாங்க சண்டை போட்டோம். யாருக்கும் சொல்லல."

ஆர்மெல் ஒரு ரிப்பனை அவிழ்த்தாள்.

"பெரிய விஷயம் ஒண்ணுமில்ல. அடுப்புக்குழாய் அடைச்சிருக்குன்னு நாலு மாசமா சொல்றேன், இவரு ஓடப் போறாரு. கோவத்துல, போறதுதான் போறே, திரும்பி வராமலே போன்னு சொல்லிட்டேன்." ஊன்றுகோல் டக் என்றது. "எங்க மாமியார் சாகற வரைக்கும் என் மூஞ்சில முழிக்க மாட்டாங்களாம். என்னத்த சொன்னே என் பிள்ளைய, அவன் ஏன் பாதைய விட்டுப் போனான்னு கேக்கறாங்க. நான் என்னத்த சொல்ல? எனக்கே தெரியணும். வழி தவறிப் போனாரா, என்னைய விட்டுட்டுப் போகணும்னே போனாரான்னு. அது ஒண்ணு தெரிஞ்சா போதும் எனக்கு. நிம்மதியா செத்துருவேன்."

"அப்படியெல்லாம் பேசாதீங்க."

"அப்ப நீ சொல்லு. ரிப்பன் எல்லாம் ஒழுங்கா இருந்துச்சா?"

இப்போது சொல்லிவிடலாம். மலை, பனி, இவர்கள் இரண்டு பேர். நான்கு வார்த்தை. பாவி, அந்த நான்கு வார்த்தையைச் சொல்லிவிட்டால் இந்தப் பெண்ணின் ஒரு வருஷத்துத் தூக்கம் திரும்பிவிடும். ஆர்மெல் வாயைத் திறந்தாள். ஊர் முழுக்க அவளைப் பார்ப்பது தெரிந்தது. அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் அவள் நீட்டும் மாத்திரையை இனிமேல் யார் நம்பி வாங்குவார்கள்?

"இருந்துச்சு. எல்லாம் இருந்துச்சு" என்றாள்.

நோயெமி தலையை மட்டும் ஆட்டினாள். முதுகு இன்னும் கொஞ்சம் வளைந்தது.

பின்னால் இருந்த காலடி ஒரு அடி கிட்டே வந்தது.

இந்த முறை ஆர்மெல் சட்டென்று திரும்பிவிட்டாள். பாதை கீழே கொண்டை ஊசி போல வளைந்து போயிருந்தது, பத்து நிமிஷத்துக்கு முன் ஏறிவந்த சரிவு அப்படியே தெரிந்தது. பனிக்குள் ஆரஞ்சு நிறம் ஒன்று அசைந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று. அவள் அவிழ்த்த மரங்கள்தான், ஒவ்வொன்றும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது: மின்னல் பிளந்த மரம், இரட்டை மரம், வேலிக்கம்பி சுற்றிய மரம். எல்லாவற்றிலும் ரிப்பன் தொங்கியது. அவள் அவிழ்க்க அவிழ்க்க, பின்னாலேயே யாரோ பொறுமையாகக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

தோள்பையைத் தடவினாள். அவ்வளவு நேரம் பிதுங்கிக்கொண்டிருந்த பை தொளதொளவென்று கிடந்தது. உள்ளே கை விட்டாள். பையின் ஈரமான அடித்துணி மட்டும் விரலில் பட்டது. ரிப்பன் ஒன்றுகூட இல்லை. வாடை வந்தது. கற்பூரத் தைலம்.

"நோயெமி, கொஞ்சம் வேகமா நடக்கலாமா? இருட்டிடும்."

"என் காலு என்ன, குதிரைக் காலா? முடிஞ்ச அளவுதானே நடக்க முடியும்." பிறகு மூக்கை உறிஞ்சினாள். "நீ தைலம் போட்டிருக்கியா?"

"ஆமா" என்றாள் ஆர்மெல்.

பின்னால் இன்னொரு அடி.

அதற்குப் பிறகு அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ரிப்பன் அவிழ்ப்பதையும் விட்டுவிட்டாள். நோயெமியின் குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டு, அந்தக் குதிகாலில் ஒட்டியிருந்த சேற்றை மட்டும் பார்த்துக்கொண்டு, வாய்க்குள்ளே மருந்துக்கடை அலமாரியில் இருக்கும் பெட்டிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு ஏறினாள். கழுத்துக்குப் பின்னால் மூச்சு. மேடு ஏறிக் களைத்த, வயதான ஆணின் மூச்சு. அவள் நடந்தால் வந்தது. அவள் நின்றால் காத்திருந்தது. அது அவளை முந்த முயலவில்லை. அதுதான் அவளைக் குலைத்தது. ஓட்டத்தின் ஒழுங்கு தெரிந்த ஒருவன் அப்படித்தான் வருவான்.

பிரிவுக் கல் வந்தது.

நோயெமி நின்றாள். கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வலப்பக்கம் இறங்கும் பாதையில் ஆரஞ்சு ரிப்பன்கள் இரண்டு மூன்று தெரிந்தன. இடப்பக்கம் முட்புதர். வெளிச்சம் வேகமாக வடிந்துகொண்டிருந்தது. நோயெமி பையிலிருந்து தலைவிளக்கை எடுத்து நெற்றியில் மாட்டி எரியவிட்டாள்.

"இங்கதானே?" என்றாள்.

"ஆமா."

"இங்க ஒரு ரிப்பன் கட்டாயம் இருந்திருக்கணும். கண்ணு முன்னாடி. இந்தக் கல்லுலயே." குரல் உடைந்தது. "நீ பாத்தியா ஆர்மெல்? உன் கண்ணால பாத்தியா? என் தலையில அடிச்சுச் சொல்லு."

ஆர்மெல்லின் காதுமடலில் மூச்சு பட்டது. குளிர்ந்த மூச்சு.

"பாத்தேன்" என்றாள்.

நோயெமி விளக்கோடு அவள் பக்கம் திரும்பினாள். வெளிச்சம் ஆர்மெல்லின் முகத்தில் பட்டு, அவள் தோளைத் தாண்டி நழுவி, அங்கே நின்றது. நோயெமியின் புருவம் உயர்ந்தது.

"ஏன்டி," என்றாள், "பின்னாடி இன்னொருத்தர் வர்றாருன்னு சொல்லவே இல்லியே நீ?"

ஆர்மெல் ஓடினாள்.

நோயெமியின் தோளை இடித்துக்கொண்டு, கல்லைச் சுற்றி, வலப்பக்கம். கால் வழுக்கியது. எழுந்தாள். ஓடினாள். பின்னால் நோயெமி கூப்பிட்டாள், ஒரு தரம், இரண்டு தரம். கடைசி ஆளை முந்தக் கூடாது. தெரியும். ஓடினாள். வேர். கல். சேறு. உள்ளங்கை கிழிந்தது. அடுத்த வளைவு. தெருவிளக்கு. கல் பாவிய சந்து. மூடிய சன்னல்கள். தேவாலயச் சுவர். காலடி பின்தொடரவில்லை. அது கேட்காமல் போனது எப்போது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

சந்தைக் கொட்டகையில் இன்னும் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். பெரிய வாணலியில் செஸ்ட்நட் வெடித்துக்கொண்டிருந்தது, யாரோ அக்கார்டியன் வாசித்தார்கள், குழந்தைகள் நீரூற்றைச் சுற்றித் துரத்திக்கொண்டிருந்தார்கள். கஸ்தோன் கரண்டியும் கையுமாக ஓடிவந்தான்.

"வந்தாச்சா துடைப்பம்! என்னம்மா, சேத்துல உருண்டியா? சரி, எங்க நம்ம மகாராணி? அவளுக்குன்னு கூட்டத்த நிறுத்தி வச்சிருக்கேன், கை தட்டணும்ல?"

மூச்சு வாங்கியது. எல்லா முகமும் திரும்பியது. சிரித்த முகங்கள்.

"பின்னாடியே வர்றாங்க" என்றாள் ஆர்மெல்.

சொல்லி முடித்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது. போன வருஷமும், மார்சலன் அடுத்த வண்டியில் வந்துவிடுவான் என்ற நினைப்பில், இதே இடத்தில், இதே கஸ்தோனிடம், இதே வார்த்தைகளைத்தான் சொன்னாள்.

ஐந்து நிமிஷம் ஆனது. பத்து. அக்கார்டியன் நின்றது. திரும்பிப் போய்ப் பார் என்று அவள் கால்களிடம் சொன்னாள், அவை அசையவில்லை. கஸ்தோன் ஒரு கிளாஸ் சூடான ஒயினை அவள் கையில் திணித்துவிட்டு, சந்தின் வாயையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"ஆர்மெல், அவ எவ்வளவு தூரத்துல வர்றா?"

அவனுடைய போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும், "அட, இதோ!" என்று ஒலிபெருக்கியில் போட்டு எல்லாருக்கும் கேட்கும்படி உயர்த்திப் பிடித்தான்.

"நோயெமி! எங்கம்மா இருக்கே? சூப்பு ஆறுது!"

"வர்றேன், வர்றேன்." மூச்சிரைத்தாலும் சந்தோஷமான குரல். காலையிலிருந்து அந்தக் குரலில் அப்படி ஒரு சந்தோஷம் இருந்ததில்லை. "கவலைப்படாதீங்க. ஆர்மெல் முன்னாடி ஓடிட்டா, பாவம், எதையோ பாத்து பயந்துட்டா போல. அவளத் திட்டாதீங்க. நான் தனியா இல்ல. பின்னாடி இன்னொரு துடைப்பம் போட்டிருக்கீங்களே, அவரு வர்றாரு. ரொம்பப் பொறுமைசாலி. அவசரமே இல்லம்மா, மெதுவா நடன்னு சொல்றாரு."

கஸ்தோன் போனைக் கொஞ்சம் தாழ்த்தினான்.

"யாரு? நாங்க யாரையும் போடலையே."

"ரிப்பன் இருக்கற பக்கமே போன்னு சொல்றாரு. நல்லா கட்டியிருக்கீங்க இந்த வருஷம், ஒவ்வொரு புதர்லயும் இருக்கு. குவாரிய இப்பத்தான் தாண்டினோம்."

"குவாரியா?" கஸ்தோனின் முகம் வெளுத்தது. "இடப்பக்கம் நாம ஒரு ரிப்பன்கூடக் கட்டல. நோயெமி, நில்லு! அங்கயே நில்லு! அப்படியே உக்காரு!"

"இவரு வழி தெரிஞ்சவருதான் கஸ்தோன். சும்மா கத்தாதே."

ஆர்மெல் கிளாஸைப் போட்டாள். அது உடைந்ததை அவள் கேட்கவில்லை. போனை அவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

"நோயெமி, அவரு பேச்சக் கேக்காதீங்க! அந்த ரிப்பன நம்பாதீங்க!"

"ஏன்டி?"

ஐம்பது பேர். கஸ்தோன். குழந்தைகள். அவளிடம் மாத்திரை வாங்கும் ஊர். ஒரு பெண் பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறாள், அவளை நிறுத்த இந்த ஒன்றைத் தவிர வேறு வார்த்தை கிடையாது.

"நான் பொய் சொன்னேன்" என்றாள். அழுகையில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. "போன வருஷம் ரிப்பனே இல்ல. நான்தான் அவிழ்த்தேன். அவரு வர்றதுக்கு முன்னாடியே, எல்லாத்தையும். குளிர் தாங்காம வீட்டுக்குப் போகணும்னு அவிழ்த்தேன். அவரு உங்கள விட்டுட்டுப் போகல நோயெமி. வழி தெரியாம செத்தாரு. என்னால செத்தாரு. தெய்வமே, நின்னுடு, நோயெமி, நின்னுடு நீ!"

யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கஸ்தோன் ஆர்மெல்லை, முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தான். போனில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. இரண்டு மூச்சு.

"அப்ப நிஜந்தானா" என்றாள் நோயெமி கடைசியில், மிக மெதுவாக. அவள் அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. "கல்லுகிட்ட இருந்து இதையேதான் இவரு சொல்லிட்டு வர்றாரு. நான்தான் நம்பல. அவரும் விளக்கு போட்டுக்கிட்டாரு, கண்ணு கூசி முகம் வேற தெரியல, யாரோ என்னமோ சொல்றாங்கன்னு இருந்தேன். மனசு கேக்காமத்தான் போன் போட்டேன், உன் வாயால ஒரு தடவ கேட்டுடலாம்னு." ஒரு நீண்ட பெருமூச்சு. "போதும்மா. இப்ப நம்பறேன். வா மார்சலன், போலாம்."

"நோயெமி!"

கயிறு, விளக்கு, வண்டி என்று ஆட்கள் நாலாபக்கமும் ஓடினார்கள். யாரோ மீட்புப் படைக்குப் போன் செய்தார்கள். ஆர்மெல் மட்டும் நீரூற்றுத் திண்டைப் பிடித்துக்கொண்டு எதிர்மலையைப் பார்த்து நின்றாள். அங்கே பனி விலகியிருந்தது. குவாரியின் வெள்ளை விளிம்பு தெரிந்தது, அதற்கு இப்பால் ஓநாய்ப் பள்ளம், கரேலென்று.

பள்ளத்தின் விளிம்பை ஒட்டி இரண்டு வெளிச்சங்கள்.

முன்னால் ஒன்று. ஆறேழு அடி பின்னால் இன்னொன்று.

முன்னால் இருந்தது விளிம்புக்கு வந்தது. தயங்கவில்லை. தாண்டியது.

விழவில்லை.

அதே உயரத்தில், அதே நிதானத்தில், நடக்கிற ஆளின் தலை அசைவதைப் போல லேசாக மேலும் கீழும் ஆடிக்கொண்டு, பள்ளத்தின் மேல் போனது. பின்னாலேயே மற்றதும். தூரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கையிலிருந்த போனில் நோயெமி எதற்கோ சிரித்தாள். அடுப்புக்குழாய் என்று ஏதோ சொன்னாள். நடுப்பள்ளத்துக்கு வந்ததும் இரண்டும் நின்றன.

பின்னால் இருந்த வெளிச்சம் மெதுவாகத் திரும்பியது. ஊர்ப் பக்கம். சந்தைக் கொட்டகையின் பக்கம். அவள் முகத்தின் பக்கம்.

திரும்பி, அங்கேயே நின்றது. யாருக்கோ இடம் விட்டுக் காத்திருப்பது போல.